செல்வதாஸ் எழுதிய ஸ்தோத்திரச் சீட்டு

புதுக்கடை சந்தியிலிருந்து மேற்கே போகும் சாலையில் யார் வீட்டிலாவது கல்யாணம் நிச்சயமானால், போதகருக்கு அடுத்தபடியாகச் செய்தி போவது செல்வதாஸுக்கு. இழவு விழுந்தால் சில சமயம் போதகருக்கு முன்னாலேயே போய்விடும். பந்தல், நாற்காலி, மேசை, பாயசம் காய்ச்சும் உருளி, டியூப் லைட், ஜெனரேட்டர் என்று நாலு பேர் கூடுவதற்கு என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் அவருடைய குடோனில் இருக்கும். ஐம்பத்தெட்டு வயது. நல்ல உயரம், அதைவிட நல்ல தொண்டை. அவர் ஒருவரிடம் ரகசியம் சொன்னால் சாலையில் போகிற பஸ்ஸுக்குள் இருப்பவர்களுக்கும் அது தெரிந்துவிடும்.

இளவயதில் ஐந்து வருஷம் சவுதியில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டினார். ஊருக்குத் திரும்பியதும், உயரத்தில் நின்று முடிச்சுப் போடத் தெரிந்தவன் வேறு என்ன செய்வான் என்று பந்தல் தொழிலுக்கு வந்துவிட்டார். மனைவி ஜெபகுமாரி அங்கன்வாடி டீச்சர். சபையில் பெண்கள் சங்கத்துத் தலைவி. ஒரே மகள் ஷைஜா மஸ்கட்டில் நர்ஸ். வீட்டில் இரண்டு பெண்களும் அளந்து பேசுகிறவர்கள். அந்த மிச்சத்தையும் சேர்த்துப் பேசுவது தன்னுடைய கடமை என்று செல்வதாஸ் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

நல்ல மனுஷன்தான், அதில் இரண்டு பேச்சு இல்லை. இழவு வீட்டில் வாடகை கேட்டு அவர் நின்றதாக யாரும் சொன்னதில்லை. ஆனால் எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது. கோபம் வந்தால் முழுக் கோபம். சந்தோஷம் வந்தால் அது ஊர் முழுக்கப் போய்ச் சேர வேண்டும். இந்தக் குணம்தான் பின்னால் அவரைக் கொண்டுபோய் ஒரு இடத்தில் சிக்கவைத்தது.

அவரிடம் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறவர் யோவான். செல்வதாஸைவிட ஆறு வயது இளையவர். வேலைக்காரன் என்று சொன்னால் செல்வதாஸ் சண்டைக்கு வருவார். தம்பி என்றுதான் சொல்ல வேண்டும். யோவான் வெளியில் மட்டுமல்ல, மனைவி ரத்தினத்திடமும் அதிகம் பேசமாட்டார். அண்ணன் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது அவருடைய வாழ்க்கைக் கணக்கு. ஏணியில் ஏறி ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டு இறுக்குவதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு சபை மண்டபத்தில் மருத்துவ முகாம் நடந்தது. பந்தல் செல்வதாஸுடையது. வந்தவர்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த அவரையே ஒரு நர்ஸ் பிடித்து உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினாள். நூற்றித் தொண்ணூறு, கீழே நூற்றிப் பத்து. அவர் நம்பவில்லை. "மிஷினு பழசு" என்றார். வேறு மிஷினில் பார்த்தார்கள். அதுவும் அதையேதான் சொன்னது. தலைவலி உண்டா, மூச்சு வாங்குகிறதா, தலை கறங்குகிறதா என்று கேட்டதற்கெல்லாம் இல்லை இல்லை என்றார். உண்மையிலேயே எதுவும் இல்லை. அன்று காலையில்தான் பத்துப் பத்து நாற்காலியாக அடுக்கி இரண்டு தோளிலும் சுமந்திருந்தார். அதே வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற யோவானுக்கு நூற்றி எழுபது.

இரண்டு பேருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். செல்வதாஸ் முதலில் முரண்டு பிடித்தார். அன்று மாலையே ஷைஜா மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்துவிட்டாள்.

"அப்பா, மாத்திரை போட்டாச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மக்களே. ஒரு வலி இல்ல, ஒரு நோவு இல்ல."

"வலி இல்லாததுனாலதான் எனக்கு பயமா இருக்கு. போட்டிட்டு வாயத் திறந்து காட்டுங்க."

வாயைத் திறந்து காட்டினார். மகளிடம் மட்டும் அவருடைய குரல் இறங்கும். அதற்குப் பிறகு அவர் ஒழுங்காகத்தான் இருந்தார். எதையும் முழுதாகச் செய்கிறவர் அல்லவா, காலையில் நடந்தார், நெத்தோலிக் கருவாட்டைத் தட்டிலிருந்து ஒதுக்கினார், கஞ்சிக்கு உப்புப் போடுவதை நிறுத்தினார். யோவானையும் சாயாக்கடையில் வைத்து எல்லோர் முன்னாலும், "ஏலே, மாத்திரை போட்டியா?" என்று கேட்டு மானத்தை வாங்கினார்.

போன வருஷம் பொங்கல் கழிந்து ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது நூற்றி இருபத்தெட்டு, எண்பது. நர்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டே, "நார்மலா இருக்கு மாமா" என்றாள். அந்த ஒரு சொல்தான். அந்தப் பெண் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. கேட்டவர் செல்வதாஸ் என்பதுதான் விவகாரம். பிரஷர் போய்விட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இங்கே எங்கள் பக்கத்துச் சபைகளின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நல்லது நடந்தால் ஒரு சீட்டில் காரணத்தை எழுதிக் கவரில் போட்டு, ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கையாகப் படைப்போம். சபைச் செயலர் அதை எல்லோரும் கேட்க வாசிப்பார். பேத்தி பத்தாம் வகுப்பில் ஜெயித்ததற்காக, மருமகனுக்கு விசா கிடைத்ததற்காக, கிணற்றில் நீர் ஊறியதற்காக, தொலைந்த பசு திரும்பி வந்ததற்காக என்று எல்லாவற்றுக்கும் சீட்டு உண்டு. சபை கேட்டு ஆமென் சொல்லும். சந்தோஷமான நேரம் அது. அப்படி வாசித்த ஒன்றை யாரும் திரும்ப எடுத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

சனிக்கிழமை மாலை செல்வதாஸ் மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதினார். ஜெபகுமாரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டிட்டு எழுதப்பிடாதா?"

"நர்ஸு சொல்லியாச்சு. பின்ன என்னத்துக்கு டாக்டரு?"

"கொறஞ்சிருக்குன்னு எழுதினா போதாதா?"

"கர்த்தர் பாதி வேலையா செய்வாரு? நீ சங்கத் தலைவியாக்கும், இப்படிப் பேசுதியே!"

மறுநாள் செயலர் ஜாஸ்பர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "பந்தல் செல்வதாஸ் குடும்பம். மூன்று வருடமாக இருந்த இரத்த அழுத்த நோய் முற்றிலும் நீங்கி, மருந்தில்லாமல் பூரண சுகம் பெற்றதற்காக, ஸ்தோத்திரம்." சபை சொன்ன ஆமென் கூரையில் போய் முட்டியது. வெளியே வந்தபோது கைகொடுக்க அத்தனை பேர். செல்வதாஸ் நிறைந்துபோனார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. அன்று காலை அவர் மாத்திரை போடவில்லை, அதனால் மருந்தில்லாமல் என்பதும் அவர் கணக்கில் உண்மைதான்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த யோவானும் ஆமென் சொன்னார். அதை யாரும் கவனிக்கவில்லை.

மாத்திரையை விட்டு நான்கு மாதம் எந்தக் குறையும் தெரியாமல் போனது. ஜூன் மாதம் வாலிபர் சங்கம் இரத்ததான முகாம் வைத்தது. பந்தல் போட்டுக் கொடுத்ததோடு, "முதல் ரத்தம் எனக்கது" என்று செல்வதாஸ் முன்னால் போய் உட்கார்ந்தார். பட்டையைச் சுற்றிய பெண் அளவைப் பார்த்தாள், மறுபடி அளந்தாள், பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னாள். நூற்றி எண்பத்தெட்டு, நூற்றிப் பன்னிரண்டு. இரத்தம் எடுக்க முடியாது, முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றாள். வெளியே வந்தபோது காரணம் கேட்டவர்களிடம், "இப்பம்தான் ரெண்டு சாயா குடிச்சேன், அதுனால வேண்டாம்னு சொல்லியாச்சு" என்றார். சாயா குடித்தால் இரத்தம் எடுக்கமாட்டார்கள் என்று அந்த ஊரில் இன்றைக்கும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள், பழக்கப்பட்ட சுகாதார நிலையத்துக்குப் போகவில்லை. மார்த்தாண்டத்தில் தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கிளினிக்கைத் தேடிப் போனார். டாக்டர் ஸ்மிதா கடற்கரைக் கிராமத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நூத்தி இருவத்தெட்டு வந்தது நோய் போனதுனால இல்ல. மாத்திரை ஒழுங்கா வேலை செஞ்சதுனால. நடந்தீங்க, உப்பக் குறைச்சீங்க, அதுவும் உதவி செஞ்சுது. நீங்க மாத்திரைய நிறுத்தினீங்க, பிரஷர் பழைய எடத்துக்குப் போயிட்டு."

"ஒரு கஷ்டமும் தெரியலியே டாக்டர்."

"தெரியாது. அதுக்க குணமே அதுதான். குழாய்க்குள்ள ரத்தம் வலுவா முட்டிக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கா அப்படி முட்டினா குழாய்ச் சுவர் தடிச்சு இறுகிப்போவும். இதயம் கூடுதலா வேலை செஞ்சு செஞ்சு தளரும். ஒரு நாள் இதயத்துலயோ மூளையிலயோ அடைக்கும், இல்லன்னா மூளையில ஒரு குழாய் பொட்டி ரத்தம் கசியும். அதுவரைக்கும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

மூளையில் அடைத்தால் எப்படித் தெரியும் என்றும் அவர் சொல்லிக் கொடுத்தார். வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தளர்ந்து தொங்கும், பேச்சு குழறும். இதில் ஒன்றைக் கண்டாலும் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு நிற்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், நாலரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் காப்பாற்ற வழி உண்டு என்றார்.

செல்வதாஸ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கயிறு பிடித்திருப்பதால் பந்தல் நிற்கிறது. நன்றாக நிற்கிறதே என்று கயிற்றை அவிழ்க்கிறவனை அவர் ஒரு நாள் கூட வேலைக்கு வைத்துக்கொள்ளமாட்டார். தானே அந்த வேலையைச் செய்திருக்கிறோம் என்பது அவருக்கு நன்றாகவே விளங்கியது.

"ஜெபம் பண்ணினேன் டாக்டர்," என்றார் கடைசியில்.

"பண்ணுங்க. நானும் மாதா கோயில் பூசைக்குப் போறவதான். ஜெபமும் பண்ணுங்க, மாத்திரையும் போடுங்க."

போட்டார். ஆனால் யாருக்கும் தெரியாமல் போட்டார். குடோனில் பல்பு வைக்கும் தகரப் பெட்டிக்குள் மாத்திரை அட்டையை ஒளித்து வைத்தார். காலையில் குடோனைத் திறந்ததும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். சபை நடுவே சுகமானேன் என்று ஸ்தோத்திரம் செய்தவன் மருந்து தின்றால் கடவுளைப் பொய்யராக்கியது போல ஆகாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கென்னவோ, கடவுளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவர் தன்னுடைய முகத்தைக் காப்பாற்றிக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. அத்தனை பேர் கைகொடுத்த பிறகு அந்தக் கைகளைத் திருப்பிக் கொடுப்பது யாருக்கும் லேசான காரியமில்லை.

அக்டோபரில் ஒரு பெரிய கல்யாணம் வந்தது. வீட்டு முற்றத்திலிருந்து சாலை வரைக்கும் பந்தல். வியாழக்கிழமை மதியம், பாதி கட்டிய பந்தலின் கீழே உட்கார்ந்து செல்வதாஸும் யோவானும் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யோவான் பின்கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். செல்வதாஸ் பழக்க தோஷத்தில் கேட்டார்.

"மாத்திரை போட்டியா?"

யோவான் சிரித்தார். "அத எப்பமோ நிறுத்தியாச்சு அண்ணே."

"என்ன?"

"ஒங்க சீட்டு வாசிச்ச மறுநாளே நிறுத்தினேன். ஒங்களுக்குச் செஞ்ச கர்த்தர் எனக்குச் செய்யமாட்டாரா? ரத்தினமும் நானும் தெனமும் ஜெபம் பண்ணுதோம்."

செல்வதாஸின் கையில் இருந்த கிழங்கு அப்படியே நின்றது. எட்டு மாதம். எட்டு மாதமாக இந்த ஆள் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். அதில் நாலு மாதம், தான் குடோனில் ஒளிந்து நின்று மாத்திரை போட்டிருக்கிறோம். 'நானும் போடுதேன்லே' என்ற ஒரு வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்தது. இரண்டே சொல். ஊரெல்லாம் கேட்கப் பேசுகிற மனுஷனுக்கு அது வெளியே வரவில்லை.

"ஒண்ணு போய் அளந்து பாரு மக்கா," என்று மட்டும் சொன்னார்.

"அது அவிசுவாசம் இல்லியா அண்ணே? நீங்க அளந்தா பாக்குதீங்க?"

செல்வதாஸ் தட்டைக் கழுவ எழுந்துபோனார்.

அன்று பிற்பகல் முழுவதும் செல்வதாஸே ஏணியில் ஏறினார். யோவானைக் கீழே நிறுத்தி, கயிறு எடுத்துக் கொடு, துணியை மடி, நாற்காலி துடை என்று சின்ன வேலைகளாகக் கொடுத்தார். வெள்ளிக்கிழமையும் அப்படியே. யோவானுக்கு வருத்தம். "நான் என்ன தப்பு செஞ்சேன் அண்ணே?" என்று கேட்டார். தப்பு யாருடையது என்று தெரிந்தவர் ஏணியின் மேலே நின்று வேறு எங்கோ பார்த்தார். சொல்ல வேண்டும் என்று அவர் முடிவு செய்துதான் இருந்தார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை மதியம். அது முடியட்டும், திங்கள் காலையில் யோவானைக் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டத்துக்குப் போய் டாக்டர் ஸ்மிதா முன்னால் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நாள் குறித்தார். எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லையே, இன்னும் மூன்று நாளில் என்ன ஆகிவிடும் என்ற தைரியம்.

சனிக்கிழமை காலை பத்தேகால் மணி. பந்தலின் பக்கவாட்டில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தரையில் நின்று செய்கிற வேலை. செல்வதாஸ் மறு ஓரத்தில் இருந்து பார்த்தபோது, யோவான் ஒரே முடிச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். கயிறு நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடியும் விழுந்தது.

"என்னலே, கண்ணு தெரியலியா?"

யோவான் திரும்பினார். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு ஒரு பக்கத்தில் மட்டும்தான் வந்தது.

"கயிறு... கைல நிக்கல அண்ணே," என்றார். வார்த்தைகள் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

செல்வதாஸ் ஓடினார். கூடியவர்களில் ஒருவர் தண்ணீர் கொடு என்றார், ஒருவர் காற்று வரட்டும் என்றார், கல்யாண வீட்டுக்காரர் தைலக் குப்பியோடு வந்தார். "ஒண்ணும் வேண்டாம், வண்டிய எடுங்க!" என்று செல்வதாஸ் போட்ட சத்தத்தில் எல்லோரும் விலகினார்கள். கல்யாண வீட்டுக்காரரின் காரின் பின் சீட்டில் யோவானைச் சாய்த்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஆசாரிபள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வழி நெடுக அவர் ஜெபம் பண்ணினார். இந்தத் தடவை சத்தமில்லாமல்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அளவு இருநூற்றிப் பத்து. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் அடைப்பு, இரத்தம் கசியவில்லை. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று அந்த இளம் டாக்டர் மூன்று முறை கேட்டார். "பத்தேகால், நான் கண்ணால பாத்தேன்" என்று செல்வதாஸ் மூன்று முறையும் சொன்னார். அழுத்தத்தை முதலில் குறைத்து, பிறகு அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள்.

அதற்குள் யோவானின் மனைவி ரத்தினமும் ஜெபகுமாரியும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். டாக்டர் ரத்தினத்திடம் விசாரித்தார்.

"பிரஷர் மாத்திரை சாப்பிடுறாரா?"

"சாப்பிட்டிட்டு இருந்தாரு. தாஸ் அண்ணனுக்கு ஜெபத்துல சொகமான பிறவு இவரும் நிறுத்தினாரு."

டாக்டர் செல்வதாஸைப் பார்த்தார். "உங்களுக்குச் சுகமாயிடுச்சா? மாத்திரையே இல்லாமலா?"

செல்வதாஸ் தரையைப் பார்த்தார். உள்ளே இருந்து யாரோ கூப்பிட, டாக்டர் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். ரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜெபகுமாரி கணவரைத் தூணருகே தனியாகக் கூட்டிப் போனார்.

"பல்புப் பெட்டில இருக்க மாத்திரைய நான் பாத்து ரெண்டு மாசமாச்சு."

செல்வதாஸ் நிமிர்ந்தார். "பின்ன ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். மாத்திரை போடுதீங்களே, அதுவே போதும்னு நெனச்சேன். யோவான் நிறுத்தினது எனக்குத் தெரியாது." பிறகு, "ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"வியாழாச்ச தெரியும்."

ஜெபகுமாரி அவரைப் பார்த்தார். முப்பது வருஷத்துக் குடும்ப வாழ்க்கையில் அந்தப் பெண்மணி அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. ஆட்கள் யாரோ பந்தலை முடித்துக் கொடுத்தார்கள். செல்வதாஸ் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை. காலையில் தன்னுடைய மாத்திரையை, ஜெபகுமாரி நீட்டிய தண்ணீரோடு, எல்லோரும் நடக்கும் இடத்தில் நின்று போட்டார். திங்கட்கிழமை மதியம் யோவானை வார்டுக்கு மாற்றினார்கள். உயிருக்குப் பயமில்லை, கால் சரியாகிவிடும், வலது கை பழகப் பழகத்தான் வரும் என்றார் டாக்டர். பழைய மாதிரி முடிச்சுப் போட முடியுமா என்று செல்வதாஸ் கேட்டார். இப்போது சொல்ல முடியாது என்றார்.

வார்டில் யோவான் தலையணையில் சாய்ந்திருந்தார். வலது கை போர்வைக்கு மேல் தனியாகக் கிடந்தது. ரத்தினம் பக்கத்தில் நின்று இளநீரைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தாள். செல்வதாஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்படித் தொடங்குவது என்று அவர் மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

யோவான்தான் முதலில் பேசினார். ஒவ்வொரு வார்த்தையையும் தேடித் தேடி எடுத்தார்.

"அண்ணே... ஒங்களுக்கு சொகமாச்சு. எனக்கு ஆவல. நான் என்ன பாவம் செஞ்சேன்னு... யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். எனக்க விசுவாசம்... போதாமப் போச்சோ?"

அந்த மனிதர் மூன்று நாளாக, ஒரு பக்கம் அசையாமல் கிடந்தபடி, இதையா தோண்டிக்கொண்டிருந்தார்! எந்த நோயைவிடவும் பெரிய பாரத்தை அவர் நெஞ்சில் தூக்கி வைத்தது தான்தான் என்று செல்வதாஸுக்குப் புரிந்தது. இனி ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்க அவரால் முடியவில்லை.

"எனக்கு சொகமாவல யோவான்," என்றார். "நார்மலுன்னு நர்ஸு சொன்னத, தீந்துபோச்சுன்னு நானே நெனச்சேன். அது மாத்திரையால வந்த நார்மல். நிறுத்தின பிறவு திரும்ப ஏறியாச்சு. ஜூன் மாசத்துல இருந்து நான் மாத்திரை போடுதேன். ஒளிச்சுப் போடுதேன். வெட்கப்பட்டு யாருட்டயும் சொல்லல. வியாழாச்ச நீ சொன்னப்பமும் சொல்லல."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கூடத் திரும்பிப் பார்த்தார். ரத்தினம் கரண்டியை டம்ளரில் போட்டாள்.

"வியாழாச்ச சொல்லியிருந்தா எனக்க மாப்பிள இப்படிக் கெடக்கமாட்டாரே!" என்றாள் அவள். "அன்னைக்குச் சாயங்காலமே போய் மாத்திரை வாங்கியிருப்பேனே அண்ணே! ஒங்க பேச்ச வேத வாக்கியம் மாதிரி கேட்டவராக்கும் இவரு. ஒங்க வெட்கம் அவ்வளவு பெரிசா?"

அவள் கேட்டதில் ஒரு எழுத்துக்கும் செல்வதாஸிடம் மறுப்பு இல்லை. அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். யோவான் இடது கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். அவருடைய கண்கள் செல்வதாஸின் முகத்திலேயே இருந்தன. அதில் கோபம் இருக்கிறதா என்று செல்வதாஸ் தேடினார். இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"அப்பம்..." என்று யோவான் மெதுவாகக் கேட்டார். "எனக்க விசுவாசத்துல... கொறவு இல்ல. இல்லியா அண்ணே?"

"இல்ல மக்கா. ஒனக்க விசுவாசத்துல ஒரு கொறவும் இல்ல. மாத்திரைய நிறுத்தின கொறவுதான். அத நிறுத்த வச்சது நான்."

யோவான் நீளமாக ஒரு மூச்சு விட்டார். முகத்தில் அசையும் பாதி, மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாகத் தளர்ந்தது. "அது போதும்," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் தூங்கிப்போனார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. செல்வதாஸும் கேட்கவில்லை. ரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றாள். அந்த வட்டாரத்திலேயே பெரிய தொண்டைக்காரர், வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, யோவானின் அசையாத வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.